தொடக்கநிலைக் குழந்தைகளுக்கு ஆடிப்பிம்பமும் சமச்சீரும் கற்பித்தல்: கொங்கு வட்டார வாழ்வியல் பொருள்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் எழுத்துமுறையில் ஓர் எழுத்தின் ஆடிப்பிம்பம் மற்றோர் எழுத்தாக அமையும் இணைகள் இல்லை. இதனால் தமிழ் மட்டும் பயிலும் குழந்தை, ஓர் உருவத்தையும் அதன் ஆடிப்பிம்பத்தையும் வேறுவேறாகக் கொள்ள வேண்டிய தேவை இன்றியே எழுத்தறிவு பெற்றுவிடுகிறது. ஆங்கில நெடுங்கணக்கைப் பயிலத் தொடங்கும்போதுதான் அத்தேவை எழுகிறது. மறுபுறம், கோலம், கும்மி, திசைவழிப் பேச்சு ஆகியவற்றின் வாயிலாகச் சமச்சீர் குறித்த செறிவான பட்டறிவைக் கொங்கு நாட்டுக் குழந்தை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறது. இவ்விரு நிலைகளையும் இணைத்து, ஐந்து முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்குச் சமச்சீரைக் கற்பிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. சமச்சீர் உடைய உருவங்களைக் காட்டுவதோடு நில்லாமல், சமச்சீர் அற்ற உருவங்களையும் இணைத்துக் கற்பிப்பதே இப்பாடத்தின் பயனை நிறைவு செய்யும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஆடிப்பிம்பம், சமச்சீர், சமச்சீர் கோடு, புள்ளிக்கோலம், தமிழ் எழுத்துமுறை, கொங்கு வட்டாரம், தொடக்கக் கல்வி

முன்னுரை

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘சமச்சீர்த் தன்மை’ தனி இயலாக விரிவாகப் பேசப்படுவது ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவக் கணக்கு நூலில்தான். எதிரொளிப்பு, சுழற்சி, இடப்பெயர்வு என்னும் மூவகைச் சமச்சீர்களும் அங்கு அறிமுகமாகின்றன. அதற்கு முந்தைய வகுப்புகளில் தாள் மடித்தல், அமைப்பை நீட்டித்தல் போன்ற செயல்பாடுகளாக இக்கருத்து ஆங்காங்கே இடம்பெறுகிறது.

எனினும், ஆடிப்பிம்பம் தொடர்பான உண்மையான இடர்ப்பாடு குழந்தைக்கு ஐந்து, ஆறு வயதிலேயே நேர்கிறது. ‘3’ என்னும் எண்ணைத் திருப்பி எழுதுவதும், ‘ட’ என்னும் எழுத்தின் நிமிர்கோட்டை வலப்பக்கம் இடுவதும், ஆங்கிலச் சிறிய எழுத்துகளுள் சிலவற்றை ஒன்றுக்கொன்று மாற்றி எழுதுவதும் தொடக்க வகுப்பு ஆசிரியர் நன்கறிந்தவை. இவை பெரும்பாலும் கவனக்குறைவாகவோ சோம்பலாகவோ கற்றல் குறைபாடாகவோ கருதப்பட்டு, பலமுறை எழுதச் செய்யும் தண்டனையில் முடிகின்றன. 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதல் மூன்று வகுப்புகளின் அடிப்படைத் திறன்களை மையப்படுத்தியுள்ள சூழலில், இவ்விடர்ப்பாட்டின் காரணத்தை அறிவதும் அதற்கேற்ற கற்பித்தல் முறையைக் காண்பதும் இன்றியமையாதவை.

ஆடிப்பிம்பமும் சமச்சீரும்: கருத்து வரையறை

ஆடி என்னும் பழந்தமிழ்ச் சொல் கண்ணாடியைக் குறிக்கும். ஓர் உருவத்தை ஆடியில் காணும்போது தோன்றுவது ஆடிப்பிம்பம். எல்லா உருவங்களுக்கும் ஆடிப்பிம்பம் உண்டு. ஆனால் எல்லா உருவங்களும் சமச்சீர் உடையவை அல்ல. ஓர் உருவம் தன் ஆடிப்பிம்பத்தோடு முற்றிலும் பொருந்துமாயின் அது எதிரொளிப்புச் சமச்சீர் உடையது. பொருந்தாதாயின், அவ்வுருவமும் அதன் பிம்பமும் இரண்டு தனித்தனி உருவங்கள்.

இவ்வேறுபாட்டைத் தமிழ் எழுத்துகளைக் கொண்டே தெளிவுபடுத்தலாம். ‘ப’ என்னும் எழுத்தை ஒளிபுகும் தாளில் எழுதி, தாளை இடவலமாகத் திருப்பினால் அது ‘ப’ ஆகவே நிற்கும். ஆய்த எழுத்தும் அத்தகையதே. ‘ட’ என்பதை அவ்வாறு திருப்பினால் கிடைப்பது ‘ட’ அன்று. தமிழ் நெடுங்கணக்கில் இல்லாத ஒரு வடிவம். ‘ப’ சமச்சீர் உடையது, ‘ட’ சமச்சீர் அற்றது என்பதை ஒரே தாளில், ஒரே செயலில் குழந்தை கண்டுகொள்ள முடியும்.

இங்கு மற்றொரு வேறுபாட்டையும் சுட்டுதல் தகும். ‘விகடகவி’ என்னும் சொல் முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாக ஒலிக்கும். சித்திரகவி வகைகளுள் ஒன்றாகிய மாலைமாற்று இவ்வியல்பை அடிப்படையாகக் கொண்டது. திருஞானசம்பந்தர் ஒரு பதிகத்தையே இவ்வகையில் அருளியுள்ளார். ஆனால் ‘விகடகவி’யைக் கண்ணாடியில் காட்டினால் ‘விகடகவி’ என்று படிக்க இயலாது. வரிசை மாறாவிடினும் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே திரும்பிவிடுகிறது. வரிசையின் சமச்சீர் வேறு, வடிவத்தின் சமச்சீர் வேறு என்பதை விளக்க இதனினும் எளிய சான்று தமிழில் அரிது.

தமிழ் எழுத்துமுறையும் ஆடிப்பிம்ப வேறுபடுத்தலும்

குழந்தைகள் எழுத்தைத் திருப்பி எழுதுவது உலகெங்கும் காணப்படும் இயல்பு. ஒரு பசு இடப்பக்கம் நோக்கி நின்றாலும் வலப்பக்கம் நோக்கி நின்றாலும் பசுவே. பொருள்களை இனங்காண வேண்டிய மூளை, திசை மாற்றத்தைப் பொருட்படுத்தாதிருப்பது உயிர்வாழ்வுக்கு உதவும் திறன். எழுத்தைக் கற்கும்போதுதான் அத்திறனைக் குழந்தை ஓரளவு விட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது. பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் தெஹேன் இக்கருத்தை விரிவாக எடுத்துரைத்துள்ளார். ஆகவே திருப்பி எழுதுதல் ஐந்து, ஆறு வயதில் குறைபாட்டின் அடையாளம் அன்று. புதிய விதி ஒன்றைக் குழந்தை இன்னும் முழுமையாகக் கைக்கொள்ளவில்லை என்பதன் அடையாளம்.

அவ்விதி எல்லா எழுத்துமுறைகளிலும் ஒரே அளவில் தேவைப்படுவதில்லை. இவ்வகையில் தமிழ் சார்ந்த ஆய்வுகள் தனிக் கவனத்திற்கு உரியவை. மொழியியலாளர்கள் ஈவ் டான்சிகர், எரிக் பீடர்சன் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்விலும், பீடர்சன் தமிழரிடையே நிகழ்த்தி 2003இல் வெளியிட்ட ஆய்விலும் இது சோதிக்கப்பட்டது. ஒரு சிறு கோட்டுருவம் பெரிய உருவத்துள் அடங்கியுள்ளதா என வினவும்போது, அதன் ஆடிப்பிம்பம் மட்டுமே உள்ள இடத்திலும் ‘உள்ளது’ என ஒருவர் ஏற்கிறாரா என்பதே சோதனை. எழுதப் படிக்க அறியாதவரும் தமிழ் மட்டும் படிக்க அறிந்தவரும் ஆடிப்பிம்பத்தைப் பெரிதும் ஏற்றனர். தமிழோடு உரோமன் எழுத்துகளையும் அறிந்தவர்களிடம் அதனை வேறெனக் கொள்ளும் போக்கு மிகுந்திருந்தது.

இம்முடிவைத் தமிழ் மட்டும் அறிந்தவரின் திறன் குறைவாகக் கொள்ளுதல் தவறு. வேறுபாடு அவர்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை என்பதன்று. அதனை வேறுபாடாகக் கருத வேண்டிய தேவையை அவர்தம் எழுத்துமுறை உண்டாக்கவில்லை என்பதே பொருள். ‘ட’ என்பதை ஒரு குழந்தை திருப்பி எழுதினாலும் ஆசிரியர் அதனை ‘ட’ என்றே படித்துவிடுவார். வேறெழுத்தோடு மயங்க வழியில்லை. ஆங்கிலத்தில் நிலைமை வேறு. ‘பேட்’, ‘டாக்’, ‘பென்’, ‘குயின்’ ஆகிய சொற்களின் முதலெழுத்துகளாகிய நான்கு சிறிய எழுத்துகளும் ஒரு கோடும் ஒரு வட்டமும் சேர்ந்தவை. கோட்டின் எப்பக்கத்தில், எவ்விடத்தில் வட்டம் அமைகிறது என்பது மட்டுமே அவற்றை வேறாக்குகிறது. ஒன்றைத் திருப்பினால் மற்றொன்று பிறக்கும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் முதல் வகுப்பிலிருந்தே பயிற்றுவிக்கப்படுகிறது. 2012–13ஆம் கல்வியாண்டு முதல் ஆங்கிலவழிப் பிரிவுகளும் பரவலாயின. ஆகவே ‘பிம்பமும் மூலமும் ஒன்றே’ என்று இயல்பாகக் கொள்ளும் குழந்தை, அதே வயதில் ‘பிம்பம் வேறு’ என்று கொள்ளும் நிலைக்குத் தள்ளப்படுகிறது. இந்த மாற்றத்தை யாரும் அக்குழந்தைக்குச் சொல்லித் தருவதில்லை. சமச்சீர்ப் பாடத்தைத் தொடக்க வகுப்புகளிலேயே முறையாக அமைக்க வேண்டும் என்பதற்கான முதன்மைக் காரணம் இதுவே.

திசைச்சொற்களும் ஆடியின் புதிரும்

கண்ணாடி இடத்தையும் வலத்தையும் மாற்றுகிறது. மேலையும் கீழையும் ஏன் மாற்றுவதில்லை? பெரியவர்களையும் திகைக்க வைக்கும் வினா இது. இதற்கான விடையைக் கொங்கு நாட்டுச் சிற்றூர்ப் பேச்சு வழக்கு எளிதில் தந்துவிடுகிறது.

‘மேக்கால தோட்டம்’, ‘வடக்கால வீடு’, ‘கெழக்க தள்ளி வை’ எனத் திசைப் பெயர்களால் இடத்தைச் சுட்டுவது இப்பகுதி வேளாண் குடும்பங்களில் இயல்பானது. தமிழகச் சிற்றூர் மக்கள் இவ்வாறு திசைப் பெயர்களையும், நகர மக்கள் இடவலச் சொற்களையும் மிகுதியாகக் கையாள்வதைப் பீடர்சன் தம் பிற ஆய்வுகளிலும் பதிவு செய்துள்ளார். இவ்வழக்கைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தலாம்.

வகுப்பறையின் கிழக்குச் சுவரில் ஒரு கண்ணாடி மாட்டப்பட்டுள்ளது எனக் கொள்வோம். குழந்தை கிழக்கு நோக்கி நின்று வடபக்கத்துக் கையை உயர்த்துகிறது. பிம்பத்தில் உயர்ந்த கையும் வடபக்கத்திலேயே இருக்கிறது. தெற்கு தெற்காகவும், தலை மேலாகவும், கால் கீழாகவும் இருக்கின்றன. மாறியது ஒன்றே: குழந்தை கிழக்கு நோக்குகிறது, பிம்பம் மேற்கு நோக்குகிறது. அதாவது, ஆடி மாற்றுவது தன் முகப்புக்கு நேரான முன்பின் திசையை மட்டுமே. இடவல மாற்றம் என்பது, பிம்பத்தின் இடத்தில் நம்மைத் திருப்பி நிறுத்திக் கற்பனை செய்வதால் எழும் தோற்றம். திசைப் பெயர் வழங்கும் குழந்தைக்கு இதில் புதிர் ஏதுமில்லை. வட்டார வழக்கை வகுப்பறையில் திருத்தப்பட வேண்டிய பிழையாகக் கருதும் மனப்பான்மை, கணித அறிவுக்கான ஒரு நல்வாயிலை அடைத்துவிடுகிறது என்பது இதனால் விளங்கும்.

கோலம்: புள்ளியும் கோடும் தரும் பாடம்

கோலத்தைக் கணித நோக்கில் ஆராயும் மரபு தமிழகத்தில் அரைநூற்றாண்டுக்கு முன்பே தோன்றிவிட்டது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், கோலங்களை உருவாக்கும் விதிகளைக் கணினியியல் இலக்கணமாக வகுத்துரைத்தனர். கோலத்தைத் தொடக்க வகுப்புக்குக் கொண்டுசெல்ல அவ்வளவு விரிவு தேவையில்லை. புள்ளி வைக்கும் முறையே போதிய பாடமாகும்.

நேர்ப்புள்ளி முறையில் 1, 3, 5, 3, 1 என வைத்தால் 13 புள்ளிகள் கொண்ட சாய்சதுர அமைப்புக் கிடைக்கும். இதற்கு நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று, மூலைவாட்டில் இரண்டு என நான்கு சமச்சீர் கோடுகள் உண்டு. ஊடுபுள்ளி முறையில் 3, 4, 5, 4, 3 என வைத்தால் 19 புள்ளிகள் கொண்ட அறுகோணம் அமையும். இதற்கு ஆறு சமச்சீர் கோடுகள் உண்டு. புள்ளிகள் சமச்சீருக்கான வாய்ப்புகளைத் தருகின்றன. அவற்றுள் எதனைத் தக்கவைத்துக்கொள்வது என்பதை வரையும் கோடு தீர்மானிக்கிறது.

சிக்குக் கோலங்களுள் பல, கால் வட்டம் திருப்பினால் மாறாமல் தோன்றும். ஆனால் நடுவே கண்ணாடியை வைத்தால் பொருந்தமாட்டா. அவை சுழற்சிச் சமச்சீர் மட்டும் உடையவை. காற்றாடியும் அத்தகையதே. சுழற்சியையும் எதிரொளிப்பையும் பிரித்தறிய இவ்வகைக் கோலங்கள் சிறந்த கருவிகள்.

கோலத்தைப் பயன்படுத்துவதில் ஒரு விழிப்பு தேவை. கோலமிடுதல் பெண்களுக்குரிய பணியாகவே வழங்கிவருவதால், வகுப்பில் அதனைப் பெண் குழந்தைகளிடம் மட்டும் விட்டுவிடும் நிலை நேரலாம். அடுக்ககங்களில் ஒட்டுக்கோலம் பரவிவிட்ட கோவை போன்ற நகரச் சூழலில், பெண் குழந்தைகளும் புள்ளிவைத்து அறியாதவர்களாக இருத்தல் கூடும். எனவே, இருபாலரும் சுண்ணக்கட்டியால் தரையில் இடும் கணக்குச் செயல்பாடாகவே இதனை அமைத்தல் வேண்டும்.

இலையும் பூவும் மரமும்: சமச்சீர் இல்லாமையின் சான்றுகள்

சமச்சீரைக் கற்பிக்க வண்ணத்துப்பூச்சியையும் மனித முகத்தையும் காட்டுவது வழக்கம். இவை அனைத்தும் சமச்சீர் உடையவை. ஆதலால் ‘இயற்கையில் எல்லாமே சமச்சீர் உடையவை’ என்னும் தவறான பொதுமை குழந்தையின் மனத்தில் பதிந்துவிடக் கூடும். இதற்கு மாற்றாக அமையும் சான்றுகள் கொங்கு நாட்டுத் தெருவிலும் தோட்டத்திலும் நிறைந்துள்ளன.

முதலாவது, வேப்பஞ் சிற்றிலை. பொங்கலுக்கு முன் காப்புக்கட்டுக்காகப் பூளைப்பூ, ஆவாரம்பூவோடு வீடுதோறும் செருகப்படும் வேப்பங்கொத்தில் ஒரு சிற்றிலையைப் பறித்து நடுநரம்பில் மடித்தால், இரு பாதிகளும் பொருந்துவதில்லை. அடிப்பகுதியில் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருக்கும்.

இரண்டாவது, பருத்திப் பூ. கோவையின் ஆலைத்தொழிலுக்கு அடிப்படையான பருத்தியும், வீட்டுமுற்றத்துச் செம்பருத்தியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் ஐந்து இதழ்களும் ஒவ்வொன்றும் அடுத்ததன்மேல் ஒரே போக்கில் படிந்து முறுக்கியவாறு அமைந்துள்ளன. ஓரடுக்குப் பூவை ஐந்தில் ஒரு பங்கு திருப்பினால் மாறாதது போல் தோன்றும்; கண்ணாடியில் காட்டினால் இதழ்ப் படிவின் போக்கு எதிராகிவிடும். நந்தியாவட்டையின் ஒற்றைப் பூவும் இவ்வாறே.

மூன்றாவது, பொள்ளாச்சிப் பகுதி முழுதும் பரந்துள்ள தென்னை. தென்னை ஓலைகள் உச்சியில் சுருளாக அடுக்கப்பெறுகின்றன. சில மரங்களில் அச்சுருள் இடஞ்சுழியாகவும் சிலவற்றில் வலஞ்சுழியாகவும் அமையும். ஒன்று மற்றொன்றின் ஆடிப்பிம்பம் போன்றது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய டி.ஏ. டேவிஸ் இதனை ஆராய்ந்து, இவ்வியல்பு தாய்மரத்திலிருந்து வழிவழியாக வருவதன்று என 1962இல் வெளியிட்டார். இடக்கையும் வலக்கையும் போல ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பொருத்த இயலாத இணைகள் இயற்கையிலும் உண்டு என்பதற்கு இது தக்க சான்று.

கற்பித்தல் படிநிலைகள்

மேற்கண்டவற்றைத் தொகுத்து ஐந்து படிநிலைகளாக அமைக்கலாம். உடலில் தொடங்கி எழுத்தில் முடிவது இவ்வரிசையின் அடிப்படை.

1. உடல். கொங்கு நாட்டின் வள்ளி கும்மியும் ஒயிலும் இதற்குப் பொருந்தும். ஆசிரியர் எதிரே நின்று வலக்கையை உயர்த்தினால், சிறு குழந்தைகள் பெரும்பாலும் இடக்கையை உயர்த்துவர். கண்ணாடியைப் போல் பின்பற்றுவது அவர்தம் இயல்பு. இதனைத் திருத்தாமல், இரு விளையாட்டுகளாகப் பிரிக்கலாம். ‘கண்ணாடி ஆட்டம்’ என்றால் பிம்பம் போல ஆடுதல். ‘சோத்தாங்கை ஆட்டம்’ என்றால் ஆசிரியர் எக்கையை உயர்த்தினாரோ அக்கையையே உயர்த்துதல். விதி எதுவென அறிந்து மாறி மாறி ஆடும்போது, ‘பிம்பம் வேறு’ என்னும் உணர்வு உடலில் பதிகிறது.

2. மடிப்பு. தாளை மடித்து ஒரு பாதியில் மை தெளித்து அழுத்துதல், மடித்த தாளை வெட்டி விரித்தல், இலைகளை மடித்துப் பார்த்தல் ஆகியவை இப்படியில் அடங்கும். பொருந்துவன, பொருந்தாதன என இரு குவியல்களாகக் குழந்தைகளே பிரித்து வைத்தல் வேண்டும். இரண்டாம் குவியல் வெறுமையாக இருத்தல் கூடாது.

3. கண்ணாடி. சிறு கண்ணாடித் துண்டை, விளிம்பு மழுக்கப்பட்டதாக, படத்தின் மீது செங்குத்தாக நிறுத்திச் சமச்சீர் கோட்டைத் தேடுதல். பவானி ஜமக்காளத்தின் வண்ணப் பட்டைகளை இரு முனைகளிலிருந்தும் எண்ணி, வரிசை ஒத்துள்ளதா எனக் காண்பதும் இப்படிக்குரிய செயல்.

4. புள்ளி. 13 புள்ளிகளின் நடுவே ஒரு கோட்டை இட்டு, ஒரு பக்கம் ஆசிரியர் அல்லது ஒரு குழந்தை வரைய, மறுபக்கத்தை மற்றொரு குழந்தை நிறைவு செய்தல். கோடு முதலில் நெடுக்காகவும், பின்னர்க் குறுக்காகவும், இறுதியில் மூலைவாட்டிலும் அமைய வேண்டும். நெடுக்குக் கோட்டுச் சமச்சீரே குழந்தைகளுக்கு எளிதில் புலப்படுகிறது; சாய்ந்த கோடே கடினமானது. சாய்ந்த கோட்டைப் பொருட்படுத்தாமல் நேர் இடவலமாகவோ மேல்கீழாகவோ பிம்பத்தை வரைந்துவிடும் பிழை, டீட்மார் கூகெமான் 1981இல் வெளியிட்ட ஆய்வில் உயர்நிலை வகுப்பு மாணவரிடமும் சுட்டப்பட்டுள்ளது. ஆகவே இதற்கு முதல் இரண்டு வகுப்புகளில் விரைதல் வேண்டா.

5. எழுத்து. ஒளிபுகும் தாளில் ‘ப’, ‘ட’, ஆய்தம், ‘3’, ‘8’ ஆகியவற்றை எழுதித் திருப்பிப் பார்த்தல். ‘ப’ மாறவில்லை, ‘ட’ மாறிவிட்டது, மாறிய ‘ட’ எழுத்தாகவே இல்லை. இதனை நன்கு கண்ட பின்னரே ஆங்கிலச் சிறிய எழுத்துகளைத் திருப்பிக் காட்டுதல் வேண்டும். இங்கு மாறிய வடிவம் வேறோர் எழுத்தாகவே நிற்பதைக் குழந்தை வியப்புடன் காணும். திருப்பி எழுதும் குழந்தைக்குத் தேவையானது நூறு முறை எழுதும் பயிற்சி அன்று. இவ்வொரு வேறுபாட்டின் விளக்கமே.

மதிப்பீட்டிலும் இவ்வணுகுமுறை தொடர வேண்டும். ‘சமச்சீர் உடையதற்கு வட்டமிடுக’ என்னும் வினாவோடு, ‘கண்ணாடியில் காட்டினால் இது என்னவாகும்?’ என்னும் வினாவும் இடம்பெறுதல் நலம். முன்னது இனங்காணும் திறனையும், பின்னது மாற்றத்தை மனத்தால் கண்டு கூறும் திறனையும் அளப்பது. ஏழு, எட்டு வயதைக் கடந்த பின்னரும் ஒரு குழந்தை தொடர்ந்து எழுத்துகளைத் திருப்பி எழுதுவதோடு, வாசிப்பிலும் கடுமையாக இடர்ப்படுமாயின், அப்போது உரிய வல்லுநரின் கருத்தை நாடுதல் தகும்.

முடிவுரை

தமிழ் எழுத்துமுறை ஆடிப்பிம்ப வேறுபாட்டை வேண்டுவதில்லை. ஆங்கில எழுத்துமுறை வேண்டுகிறது. இவ்விரண்டையும் ஒரே வயதில் பயிலும் தமிழ்க் குழந்தையின் தனித்த நிலை, வேற்றுமொழிச் சூழலில் உருவான கற்பித்தல் முறைகளில் இடம்பெற வாய்ப்பில்லை. அதனை நோக்கிய பாடத்தைத் தமிழ்ச் சூழலிலிருந்தே உருவாக்க வேண்டியுள்ளது.

அதற்குரிய பொருள்கள் தொலைவில் இல்லை. வாசற்கோலமும் கும்மியும், வேப்பிலையும் பருத்திப்பூவும் தென்னையும், ‘மேக்கால’, ‘கெழக்கால’ என்னும் பேச்சும் கணித வகுப்புக்குள் நுழையத் தக்கவை. சமச்சீர் உடையதையும் அற்றதையும் இணைத்துக் காட்டும்போதே ‘சமச்சீர்’ என்னும் சொல்லுக்குக் குழந்தையின் மனத்தில் பொருள் பிறக்கிறது. இப்படிநிலைகளை அரசு தொடக்கப் பள்ளிகளில் முறையாகச் செயல்படுத்தி, தமிழ்வழி, ஆங்கிலவழிக் குழந்தைகளிடையே அவை தரும் பயனை ஒப்பிட்டு அளத்தல், கல்வியியலாரும் மொழியியலாரும் இணைந்து மேற்கொள்ளத் தக்க அடுத்தகட்ட ஆய்வாகும்.